டின்னா, பட்டர் பீன்ஸா, ஊசியா?

போன ஆடியில் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் இல்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் மட்டும் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று ஒரு வரி. அதாவது கல்லீரலில் கொழுப்பு. அங்கே யாரும் எதையும் விளக்கவில்லை. கவரைக் கையில் கொடுத்து "டாக்டர்ட்ட காட்டிக்கங்க" என்றார்கள். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, வத்தலக்குண்டில் மாறி, பண்ணைக்காடு வந்து சேர்வதற்குள் அந்த வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

எனக்கு வயது 47. உயரம் 168 சென்டிமீட்டர், அன்றைக்கு எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101. கொஞ்சம் காப்பி, ஊடே மிளகு, ஓரத்தில் மலை வாழை என்று பிழைப்பு. மலைக்காரனுக்கு எங்கிருந்து கொழுப்பு என்று கேட்பார்கள். அப்பா காலத்தில் பொதிக்குதிரைக்குப் பின்னால் நடந்தார்கள். நான் தோட்டத்து கேட் வரை பைக்கில் போகிறேன். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இந்த ஃபேட்டி லிவர் இருப்பதாக 2022இல் சொன்னது. மத்திய அரசு 2021இலேயே தொற்றா நோய்த் திட்டத்தில் இதைச் சேர்த்துவிட்டது. ஆக, நான் தனியாள் இல்லை.

விஷயம் வாட்ஸ்அப்பில் பரவியதும் யோசனைகள் வரிசைகட்டின. பெரியம்மா கீழாநெல்லி என்றார். கோயம்புத்தூரில் ஜிம்முக்குப் போகும் அக்கா மகன், "மாமா, கொலாஜன் பெப்டைடு எடுங்க. லிவர் கொழுப்பு குறையும்னு ரிசர்ச்சே இருக்கு" என்று டின்னில் விற்கும் ஒரு பொடிக்கு லிங்க் அனுப்பினான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி, ஆறு ஏழு மாதத்தில் இறங்காவிட்டால் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேசலாம் என்றார். என் மனைவி எதுவும் சொல்லாமல் சோற்றுக் கரண்டியை மாற்றினாள்.

கீழாநெல்லியை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரில் அது காமாலைக்குக் கொடுக்கிற கைவைத்தியம். கல்லீரலில் கொழுப்பு சேர்வது வேறு கணக்கு. இலை தழை என்றால் கெடுதல் வராது என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை: கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட சிலரைப் பற்றி மும்பை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

மற்றதற்குள் போகுமுன் ஒன்று. ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. பயப்பட வேண்டியது கொழுப்பால் வரும் வீக்கத்துக்கும், அதன் பின்னால் விழும் தழும்புக்கும். தழும்பு எவ்வளவு என்று ஒரு குத்துமதிப்பு போட ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு கல்லீரல் நொதிகளையும் தட்டணுக்களையும் (பிளேட்லெட்) காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். வயதை எஸ்ஜிஓடி எண்ணால் பெருக்க வேண்டும். பிறகு எஸ்ஜிபிடி எண்ணின் வர்க்கமூலத்தைத் தட்டணுக்களின் எண்ணால் பெருக்கி (2.4 லட்சம் என்றால் 240), அதைக் கொண்டு வகுக்க வேண்டும். எனக்கு எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 52, தட்டணு 2.4 லட்சம். 47 பெருக்கல் 38, 1786. 52இன் வர்க்கமூலம் 7.2, அதை 240ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1730. வகுத்தால் 1.03. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதற்கு மேலே போனால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் 1.03 வந்தவனின் முடிவு. உங்கள் எண் வேறாக இருந்தால், சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால், முதலில் குடல், கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். டின் எல்லாம் அப்புறம்.

சரி, டின்னுக்கு வருவோம். மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புரதம் என்பது நெடுநீளமாகக் கட்டிய சரம். அமினோ அமிலம் உதிரிப்பூ. சரத்தைத் துண்டு துண்டாக நறுக்கினால், இரண்டு பூ, மூன்று பூ, பத்துப் பூ ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகள் கிடைக்கும் இல்லையா, அதுதான் பெப்டைடு. சோயா, பால், முட்டை, மீன் தோல் எதை எடுத்தாலும் நொதியைப் போட்டு நறுக்கிப் பெப்டைடு பொடி செய்யலாம். அதைக் கொழுப்புத் தீனி தின்னும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில் எலியின் கல்லீரலில் கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது. செல்லுக்குள் எரிபொருள் மீட்டர் மாதிரி ஒரு நொதி இருக்கிறது, ஏஎம்பிகே என்பார்கள். அது முடுக்கிவிடப்பட, கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்கள் அடங்கி, வீக்கமும் தணிகிறது என்று விளக்குகிறார்கள்.

படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இரண்டு இடத்தில் இடறுகிறது. அந்த எலிகளில் பலவற்றுக்குக் கொழுப்புத் தீனியைத் தொடங்கிய நாளிலேயே பெப்டைடும் கொடுத்துவிடுகிறார்கள். அது வெள்ளம் வருமுன் போட்ட கரை. என் வீட்டில் தண்ணீர் ஏற்கனவே திண்ணை ஏறிவிட்டது.

இரண்டாவது இடறல் வயிறு. நாம் எதைத் தின்றாலும் வயிற்றில் பெப்சினும், கணையத்திலிருந்து வரும் டிரிப்சினும் அதை நறுக்கத்தான் காத்திருக்கின்றன. குடல் சுவர் தாண்டி ரத்தத்துக்குப் போவது பெரும்பாலும் உதிரிப்பூவும், இரண்டு பூ மூன்று பூத் துணுக்குகளும்தான். அதைவிட நீளமானது முழுசாக உள்ளே போவது அபூர்வம். இதற்கு என்னிடம் உள்ள நல்ல சாட்சி ஒரு மாத்திரை. செமாக்ளூடைடு என்ற மருந்தும் ஒரு பெப்டைடுதான், 31 அமினோ அமிலம் கோத்தது. ஊசியாகப் போட்டால் வாரத்துக்கு 1 மில்லிகிராம் சர்க்கரை நோய்க்குப் போதும். அதையே மாத்திரையாக்கியபோது தினமும் 14 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுச் சுவரில் நுழைய உதவும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்து, வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் வாயில் எதுவும் போடாமல் இருந்தும், உள்ளே போவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு பெரிய மருந்து கம்பெனி இத்தனை பாடுபட்டும் இவ்வளவுதான் என்றால், பாலில் கலக்கிக் குடிக்கும் பொடி நேராகக் கல்லீரலுக்குப் போய் வேலை செய்யும் என்று நான் எப்படி நம்ப?

கொலாஜனில் இன்னொரு குறையும் உண்டு. டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. புரதம் என்ற கணக்கில் பார்த்தாலே அரைகுறை. மாட்டுத்தோல், மீன்தோல் போன்றவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். சைவக்காரர்கள் டின்னின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. மாப்பிள்ளை லிங்க் அனுப்பிய டின் 250 கிராம், 2,600 ரூபாய், நாளுக்கு 10 கிராம். ஒரு நாளைக்கு 104 ரூபாய்க்கு ஏறக்குறைய 9 கிராம் புரதம். இரண்டு முட்டையில் 12 கிராம் இருக்கிறது.

டின்னுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் கூட இருந்தவர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் பூஞ்சை நச்சும், சிலவற்றில் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. கல்லீரலுக்கு நல்லது செய்யப் போய் கல்லீரலுக்கு நஞ்சு. எல்லா டின்னும் அப்படி இல்லை. எது அப்படி என்று பண்ணைக்காட்டில் உட்கார்ந்து எனக்குத் தெரியாதே.

பொடி என்றே போனால் வே புரதம் பரவாயில்லை. பால் திரித்துச் சீஸ் செய்யும்போது மிஞ்சும் தெளிநீரிலிருந்து எடுப்பது. உடல் பருமனான 11 பெண்களுக்குத் தினமும் 60 கிராம், நான்கு வாரம் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரல் கொழுப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. 11 பேரை வைத்து ஊரையே அளக்க முடியாது. ஆனாலும் இது எலி இல்லை, மனுஷி.

என்னை முடிவெடுக்க வைத்தது இதற்குப் பிறகு வந்த ஜெர்மன் ஆய்வு. சர்க்கரை நோயுள்ள 37 பேரை இரண்டாகப் பிரித்து, ஆறு வாரம், சாப்பாட்டின் கலோரியில் 30 சதவீதம் புரதமாக இருக்கும்படி கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு இறைச்சியும் பாலும், மறு பாதிக்குப் பட்டாணி போன்ற பயறுப் புரதம். மொத்தக் கலோரியைக் குறைக்கவில்லை. முதல் கூட்டத்தில் கல்லீரல் கொழுப்பு சுமார் 48 சதவீதமும், இரண்டாவதில் 36 சதவீதமும் குறைந்தது. சாதாரணச் சாப்பாட்டுப் புரதத்திலேயே இவ்வளவு. நறுக்குகிற வேலையைக் குடலே இலவசமாகச் செய்கிறதே, நறுக்குகூலிக்கு நான் ஏன் 2,600 கொடுக்க வேண்டும்?

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. பெப்டைடுத் துணுக்குகள் ரத்தத்துக்குள் போகாமலே ஒரு காரியம் செய்கின்றன. குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் அவற்றை ருசி பார்த்து, ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. 'போதும், வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். டாக்டர் சொன்ன ஊசி, மேலே சொன்ன செமாக்ளூடைடு, இதே ஜிஎல்பி-1இன் நகல். நம் உடம்பு சுரப்பது ஓரிரு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும், ஊசியில் உள்ளது பாதியாகக் கரைய ஒரு வாரம் ஆகும். ஆக, மனைவி வைக்கும் பயறும் மருந்துக்கடை ஊசியும் தட்டுவது ஒரே கதவை. ஒன்று விரலால், மற்றது சம்மட்டியால்.

ஆகவே பட்டர் பீன்ஸ். கொடைக்கானல் மலையில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை. சந்தையில் தோலோடு வாங்கி வந்தால் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து உரிப்பதே ஒரு வேலை. நகக்கண் வலிக்கும். கைக்குள் அடங்காமல் ஒன்றிரண்டு கொட்டை துள்ளி ஓடும், பூனை அதைத் துரத்தும். வேகவைத்த பட்டர் பீன்ஸ் 100 கிராமில் 7 முதல் 8 கிராம் புரதம், கூடவே டின்னில் கிடைக்காத நார்ச்சத்து. அரைவேக்காடு மட்டும் கூடாது. பயறு வகைகளில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, நன்றாக வேகவைத்தால்தான் அடங்கும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்பு சீக்கிரம் வேகாது என்பது இங்கே சமைக்கிறவர்களுக்குத் தெரியும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுவாள் என் மனைவி.

இப்போது என் சாப்பாடு இப்படி. காலையில் மூன்று இட்லி, இரண்டு முட்டை. மதியம் சோறு இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாகி, பட்டர் பீன்ஸ் குழம்பு ஒரு கிண்ணமாகி இருக்கிறது. முன்பு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள பீன்ஸ், இப்போது பீன்ஸுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு. இரவு கொள்ளு, தயிர், சில நாள் மீல் மேக்கர் என்கிற சோயா உருண்டை. வேகவைக்குமுன் எடை போட்டால் கொள்ளு 100 கிராமில் 22 கிராம் புரதம், மீல் மேக்கரில் 50க்கு மேல். தயிரில் பாக்டீரியாக்களே பால் புரதத்தைக் கொஞ்சம் நறுக்கி வைத்திருக்கும். பெப்டைடு வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் அதைக் குடிக்கலாம். மொத்தம் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 55 கிராமைத் தாண்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், என் உயரத்துக்குச் சரியான எடையான 65 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 54. ஜெர்மன்காரர்கள் கொடுத்த அளவுக்கு இது பக்கத்தில்கூட வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மலைப்பூண்டைச் சொல்லாமல் விட்டால் பூம்பாறைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பூண்டு தன் கந்தகச் சரக்கின் ஒரு பகுதியைச் சேமித்து வைப்பதே இரண்டு பூப் பெப்டைடாகத்தான். ஈரானில் கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்குப் பூண்டுப் பொடி மாத்திரை கொடுத்து மூன்று மாதம் போல நடத்திய சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. குழம்பில் நாலு பல் கூடப் போடுவதற்கு அது போதும். அதையே நம்பி உட்கார அது போதாது.

சேர்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கழித்தது அதிக வேலை செய்தது என்று சந்தேகிக்கிறேன். காப்பி விளையும் ஊரில் இருந்துகொண்டு நாளுக்கு ஐந்து டீ குடித்தவன் நான், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூன் 5 கிராம் என்றால் 50 கிராம், 200 கலோரி. சீனியில் பாதி ஃபிரக்டோஸ் என்கிற சர்க்கரை. அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சியதைக் கொழுப்பாக்கும். டீக்கடையில் முதல் நாள் "சீனி இல்லாம ஒண்ணு" என்றதும் மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, சுகரா?" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லப்பா, லிவர் என்றேன். அது இன்னும் மோசம். எல்லோரும் நான் குடிக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் முதலில் கழிக்க வேண்டியது அதுதான். இப்போது மூன்று வேளை கடுங்காப்பி, சீனி இல்லாமல். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல பெரிய ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காப்பிக்காரன் நான் இதைச் சொன்னால் வியாபாரம் மாதிரித்தான் இருக்கும், என்ன செய்ய.

ஊசியை நான் மட்டம் தட்ட மாட்டேன். மனிதக் கல்லீரலில் பெரிய அளவில் சோதித்து நிரூபித்த பெப்டைடு என்றால் அது வாய்வழி போனது இல்லை, தோலுக்குள் போனதுதான். செமாக்ளூடைடு வாரம் 2.4 மில்லிகிராம், 72 வாரம் போட்டவர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்குக் கல்லீரல் வீக்கம், தழும்பு கூடாமல், அடங்கியது. வெற்று ஊசி போட்டவர்களில் 34 சதவீதம். இதைப் பார்த்துத்தான் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இதைக் கொழுப்புக் கல்லீரல் வீக்கத்துக்கு அனுமதித்தது. அதுவும் நடுத்தரத்திலிருந்து முற்றிய தழும்பு வரை உள்ளவர்களுக்கு, சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பாகி இறுகும் நிலை, வராதவர்களுக்கு. 1.03காரனுக்கு அல்ல. குமட்டல், வாந்தி உண்டு. கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்று உள்ளவர்களும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஓர் ஆய்வில் தெரிந்தது. செலவும் உண்டு. காப்பி அறுவடை முடிந்து கையில் காசு வரும் மாதத்தில் மட்டும் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது.

வேறு மருந்துகளும் இருக்கின்றன. சரோகிளிட்டசார் கொழுப்புக் கல்லீரலுக்கென்று 2020இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. ரெஸ்மெடிரோம் 2024இல் அமெரிக்காவில். என் டாக்டர் அவற்றைப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் கடைசியில் எடை மெஷினில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 குறைந்தால் வீக்கம், 10க்கு மேல் போனால் தழும்பே பலருக்கு இளகும். 81 கிலோவில் 7 சதவீதம் 5.7 கிலோ. அதாவது நான் 75.3க்கு வர வேண்டும். பைக்கைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறேன், போக வர முக்கால் மணி நேரம். முதல் வாரம் பாதி மேட்டில் மிளகுக்கொடி பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்கினேன்.

ஆடியிலிருந்து மாசி வரை 3.8 கிலோ. இப்போது 77.2. தை முழுக்க எடை அசையவில்லை. பொங்கலுக்கு வந்த விருந்தாளிகளையும் பழனியிலிருந்து வந்த பஞ்சாமிர்த டப்பாவையும் குறை சொல்லிக்கொண்டேன். எஸ்ஜிபிடி 52லிருந்து 39க்கு வந்திருக்கிறது. மறு ஸ்கேன் சித்திரைக்குப் பிறகு. அதற்குள் 75ஐத் தொடாவிட்டால் ஊசியைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம் என்று டாக்டரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். டின் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. மாப்பிள்ளை நேற்று இன்னொரு லிங்க் அனுப்பினான், இந்தத் தடவை கொலாஜன் இல்லை, சோயா பெப்டைடு. அரைக் கிலோ மீல் மேக்கர் வாங்கிக்கொண்டு வந்து சேர் என்று பதில் போட்டிருக்கிறேன்.